அறிவியல் அரங்கம்: வெடித்தால் ஒட்டுமா?

வளைகுடா நாடொன்றில் தொழிற்சாலைப் பராமரிப்புப் பணியில் இருக்கும் தம் மகனைப் பற்றி ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கிறார். அழுத்தம் மிகுந்த பெரிய கலன் ஒன்றின் அருகே நாள்தோறும் அவர் நின்று வேலை செய்கிறாராம். அந்தக் கலனின் சுவர் இரண்டு உலோகங்களால் ஆனது என்றும், அவ்விரண்டையும் வெடிமருந்து வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றும் மகன் தொலைபேசியில் கூறியிருக்கிறார். "வெடி வைத்தால் பிளக்கத்தானே செய்யும்? ஒட்டுமா? அப்படி ஒட்டியது ஒருநாள் விட்டுப் போகாதா?" என்பது அந்தத் தாயின் கேள்வி. கேள்வியின் பின்னே இருக்கும் கவலை, மக்களைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் நம் வீடுகளுக்கெல்லாம் பொதுவானது. ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

மகன் சொன்னது முற்றிலும் உண்மை. வெடியால் உலோகங்களை ஒட்டலாம்; வேறு எந்த வழியிலும் எளிதில் சேராத உலோகங்களையும் ஒட்டலாம். உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில் இது.

முதலில், இரண்டு உலோகங்களை ஏன் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்? நாம் உடுத்தும் பாலியஸ்டர் துணியை எடுத்துக்கொள்வோம். அதன் மூலப்பொருள்களுள் ஒன்று டெரிப்தாலிக் அமிலம். பாராசைலீன் என்னும் எண்ணெய்ப் பொருளை அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், புரோமைடு கலந்த வினையூக்கியின் துணையோடு காற்றைச் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். சூடான அமிலமும் புரோமைடும் கூடினால் துருப்பிடிக்காத எஃகு எனப்படும் எவர்சில்வரையும் அரித்துவிடும். தாக்குப்பிடிக்கும் உலோகம் டைட்டானியம். ஆனால் டைட்டானியம் விலை மிகுந்தது. கலன் முழுவதையும் அதைக் கொண்டே தடிமனாகச் செய்தால் செலவு கட்டுக்குள் நிற்காது. எனவே உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்குத் தடித்த எஃகும், அமிலத்தைத் தாங்குவதற்கு உட்புறம் சில மில்லிமீட்டர் டைட்டானியமும் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம் வீட்டுச் சமையற்கட்டிலும் இதே சிந்தனையைக் காணலாம். அடிப்பாகத்தில் எவர்சில்வர், அலுமினியம், எவர்சில்வர் என்று மூன்று அடுக்கு கொண்ட பாத்திரங்களில், வெப்பத்தைப் பரப்புவது நடுவில் இருக்கும் அலுமினியம். உணவைத் தொடுவது எவர்சில்வர்.

அப்படியானால் டைட்டானியத்தையும் எஃகையும் சாதாரணமாக வெல்டிங் செய்துவிடலாமே என்று தோன்றும். அங்குதான் இடர்ப்பாடு. இரண்டையும் உருக்கிக் கலந்தால், டைட்டானியமும் இரும்பும் கூடிய உலோகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மையுடையவை. குளிரும்போதே விரிசல் விடும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. போதாக்குறைக்கு அலுமினியம் 660 பாகையில் உருகும், எஃகு உருக ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். ஆக, உருக்காமல் ஒட்ட வேண்டும். பழங்காலக் கொல்லர் இரும்பைச் செந்தழலாகக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பற்றவைத்தார்களே, அந்த முறையின் வழித்தோன்றல்தான் வெடி ஒட்டும். சம்மட்டிக்குப் பதில் வெடிமருந்து; காய்ச்சுதல் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். முதல் உலகப் போரிலேயே, குண்டுச் சிதறல்கள் சில கவசத் தகடுகளில் குத்தி நிற்காமல் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அப்போது அது வெறும் விந்தையாகவே கருதப்பட்டது. 1944-இல் கார்ல் என்பவர், டெட்டனேட்டர் ஒன்று வெடித்தபோது, அரை அங்குல விட்டமுள்ள மெல்லிய பித்தளை வில்லைகள் இரண்டு உருகாமலே ஒன்றாகிவிட்டதைக் கண்டு எழுதிவைத்தார். 1957-இல் பிலிப்சுக் என்பவர் அலுமினியத்தை எஃகுடன் வெடியால் இணைத்துக் காட்டினார். சோவியத் நாட்டில் நோவோசிபிர்ஸ்க் நகரில் தெரிபாஸும் அவர்தம் குழுவினரும் 1960-களின் தொடக்கத்திலிருந்து இதை விரிவாக ஆராய்ந்தனர். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1964-இல் காப்புரிமை பெற்றுத் தொழிலாக்கியது.

அந்தத் தொழிலுக்கு எதிர்பாராத வாடிக்கையாளர் ஒருவர் வாய்த்தார்: அமெரிக்க அரசின் நாணயச் சாலை. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனதால், 1965-இல் இயற்றப்பட்ட நாணயச் சட்டத்தின்படி பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கினார்கள். நடுவே தூய செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் என்று மூன்று அடுக்காகக் காசு வந்தது. அந்தத் தொடக்கக் காலத்தில் இதற்கான உலோகத்தின் ஒரு பகுதியை வெடியால் ஒட்டி, பிறகு உருளைகளுக்கிடையே நசுக்கி மெல்லிய தகடாக்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் எவரேனும் அந்தக் காசைக் கொண்டுவந்திருந்தால் விளிம்பைப் பாருங்கள். செம்பு நிறக் கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். நம் நாட்டுப் பத்து ரூபாய்க் காசிலும் இரண்டு உலோகங்கள் உண்டு. ஆனால் அது வளையமும் நடுவட்டும் பொருத்தியது, அடுக்கியது அன்று.

இனி, இந்த வேலை நடக்கும் விதம். மணல் மெத்தையின் மேல் தடித்த எஃகுத் தகட்டைக் கிடத்துகிறார்கள். அதன் மேல், சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, டைட்டானியத் தகட்டை நிறுத்துகிறார்கள். இந்த இடைவெளிதான் முக்கியம். ஒட்ட வேண்டிய இரண்டையும் முன்னமே ஒட்டி வைத்துவிட்டால் வேலை நடவாது. மேல்தகடு பாய்ந்து வேகம் பிடிக்க இடம் வேண்டும். மேல்தகட்டின் முதுகில் சட்டம் கட்டி, வெடிமருந்துத் தூளைச் சமமாகப் பரப்புகிறார்கள். பெரும்பாலும் அது கல்குவாரிகளில் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட், டீசல் கலவைதான். போருக்கான வெடிமருந்துகள் இதற்கு ஆகா. அவற்றில் வெடிப்பலை நொடிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இந்த வேலைக்கு நொடிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் வேகமே ஏற்றது. காரணத்தைப் பிறகு காண்போம்.

ஓர் ஓரத்தில் பற்றவைத்ததும் வெடிப்பலை தகட்டின் நீளத்துக்கு ஓடுகிறது. அது கடந்த இடத்திலெல்லாம் மேல்தகடு கீழ்நோக்கி மடிந்து பாய்கிறது. பாயை ஓரத்திலிருந்து தரையில் விரித்து அழுத்திக்கொண்டே போவதைப் போல, மோதும் இடம் ஒரு கோடாக நகர்ந்துகொண்டே செல்லும். 3 மீட்டர் நீளமான தகடாயினும், வெடிப்பலை நொடிக்கு 2500 மீட்டர் வேகத்தில் சென்றால், ஓர் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மேல்தகடு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், இரண்டு தகடுகளும் ஏறத்தாழ 9 பாகைக் கோணத்தில் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் அழுத்தம் 5 கிகாபாஸ்கலைத் தாண்டும். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 50,000 மடங்கு. கட்டடங்களுக்குப் பயன்படும் எஃகு வளைந்து கொடுக்கத் தொடங்கும் அழுத்தத்தைவிட இது பதினைந்து மடங்குக்கும் மேல்.

அத்தகைய அழுத்தத்தில் உலோகம் தன் வலிமையை மறந்துவிடுகிறது. உருகவில்லை, ஆயினும் சில மைக்ரோநொடிகளுக்குத் திரவத்தைப் போல் பாய்கிறது. மோதும் கோட்டின் முன்னால் இரண்டு தகடுகளின் மேற்பரப்புகளும் தோலுரிந்து, மெல்லிய தாரையாக வெளியே பீச்சியடிக்கப்படுகின்றன. அந்தத் தாரைதான் இம்முறையின் உயிர்நாடி என்பது என் கருத்து. காற்றில் இருக்கும் எந்த உலோகத்தின் மேலும் ஆக்சைடு, அழுக்கு, ஈரம் என்று ஒரு திரை படிந்தே இருக்கும். உலோகம் உலோகத்தை நேரே தொடாமல் தடுப்பது அத்திரையே. தாரை அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போகிறது. அடுத்த கணமே, திரை நீங்கிய இரு பரப்புகளும் பேரழுத்தத்தில் நெருங்கி, அணுவோடு அணு பிணைகின்றன. சூடாக்கி ஒட்டியதன்று, பசை தடவியதன்று. நடுவே மூன்றாவது பொருள் இல்லாத இணைப்பு அது.

வெடிப்பின் வேகம் ஏன் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் இப்போது விளங்கும். மோதும் கோடு, அந்த உலோகத்தில் ஒலி செல்லும் வேகத்தைவிட மெதுவாக நகர வேண்டும். அப்போதுதான் முன்னால் இருக்கும் உலோகத்துக்கு அழுத்தத்தின் செய்தி முன்கூட்டியே எட்டி, மேற்பரப்பு தாரையாகக் கிளம்ப வழி கிடைக்கும். ஒலியை முந்திக்கொண்டு மோதல் ஓடினால் தாரை கிளம்பாது, அழுக்கு உள்ளேயே அடைபடும், ஒட்டு பொய்யாகிவிடும்.

ஒட்டிய தகட்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் ஓர் அழகிய காட்சி. இரண்டு உலோகங்களும் சேரும் எல்லை நேர்கோடாக இராது. காற்றடித்த மணல்மேட்டின் வரிகளைப் போலவும், கரையை நோக்கி மடியும் கடலலையைப் போலவும், ஒரே சீரான அலைகளாக இருக்கும். சில இடங்களில் அலையின் நுனி சுருண்டு சுழியாகவே நிற்கும். கெட்டியான எஃகில் கடலலை எங்ஙனம் வந்தது? ஆராய்ச்சியாளர்கள் இதன்மேல் பல்லாண்டுகள் வாதிட்டனர். நீரின் மேல் காற்று வீசும்போது அலை எழுவதைப் போல், இரு படலங்கள் வேறு வேறு வேகத்தில் உராய்வதால் வருவது என்றனர் சிலர். ஆற்றில் நிற்கும் தூணுக்குப் பின்னால் சுழிகள் மாறி மாறிப் பிறப்பதோடு ஒப்பிட்டனர் வேறு சிலர். டூபாண்டின் கோவான், பெர்க்மன், ஹோல்ட்ஸ்மன் ஆகிய மூவரும் 1971-இல் எழுதிய கட்டுரை இவ்வழிப்பட்டது. பெல்ஃபாஸ்டில் பஹ்ரானி, பிளாக், கிராஸ்லாண்ட் ஆகியோர் 1967-இல், தாரை கீழ்த்தகட்டைக் குழித்து மேடாக்குவதால் அலை உண்டாகிறது என்று விளக்கினார்கள். விளக்கம் எதுவாயினும் அளவு ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. தகடு தடித்தால் அலை நீளும். மோதும் கோணம் கூடினாலும் நீளும். நாம் மேலே சொன்ன 9 பாகைக் கோணத்தில் 3 மில்லிமீட்டர் தகடு மோதினால், ஓர் அலையின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

இந்தத் தாரைக்கு வேறொரு முகமும் உண்டு. கூம்பு வடிவச் செம்பு உறைக்குப் பின்னால் வெடிமருந்தை வைத்து வெடித்தால், உறை நசுங்கி, அதே போன்ற தாரையாக, ஆனால் பன்மடங்கு வேகத்தோடு கிளம்பி, போர் டாங்கியின் கவசத்தையே துளைத்துவிடும். அந்தத் தாரையின் கணிதத்தை பிர்க்காஃப், மெக்டூகல், பியூ, டெய்லர் ஆகிய நால்வரும் 1948-இல் வெளியிட்டனர். தகடு ஒட்டும் பொறியாளர்கள் இன்றளவும் கையாளும் சமன்பாடுகள் அதிலிருந்து பிறந்தவையே. துணி ஆலைக்குக் கலன் செய்பவரும் கவசம் துளைக்கும் குண்டு செய்பவரும் ஒரே ஏட்டைப் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது.

இனி அந்தத் தாயின் கேள்வியின் இரண்டாம் பகுதி: விட்டுப் போகாதா?

சரியாகச் செய்யப்பட்டால் போகாது. சரியாகச் செய்யப்படாத ஒட்டில் எங்கே குறை வரும் என்பதும் நன்கு அறியப்பட்டதே. வெடியின் ஆற்றல் அளவுக்கு மிஞ்சினால், அலையின் சுழிக்குள் சிறிதளவு உலோகம் உண்மையாகவே உருகி அடைபட்டுக்கொள்ளும். சுற்றிலும் குளிர்ந்த உலோகம் இருப்பதால், அந்த உருகல் நொடிக்கு இலட்சக்கணக்கான பாகை என்னும் கதியில் குளிர்ந்து உறையும். அங்கேதான் இரும்பும் டைட்டானியமும், அல்லது இரும்பும் அலுமினியமும் வேதிவினை புரிந்து, நாம் அஞ்சிய அந்த நொறுங்கும் சேர்மம் பிறக்கிறது. ஆங்காங்கே சிறு தீவுகளாக இருந்தால் கேடில்லை. சுற்றியுள்ள நல்ல உலோகம் தாங்கிக்கொள்ளும். தொடர்ச்சியான படலமாகிவிட்டால் விரிசல் அதன் வழியே ஓடும். ஆற்றல் குறைந்தாலோ தாரையே கிளம்பாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய வரம்புக்குள் நிற்பதுதான் தொழில் திறமை.

ஒட்டு முடிந்த தகட்டை வெப்பத்தில் பதப்படுத்தி, நிமிர்த்தி, பிறகு மீயொலியால் சோதிக்கிறார்கள். மருத்துவமனையில் கருவிலிருக்கும் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் போன்றதே அதுவும். ஒட்டாத இடம் இருந்தால் ஒலி அங்கிருந்து எதிரொலிக்கும். தகட்டின் ஓரத்திலிருந்து துண்டு வெட்டி, அடுக்கைப் பிய்த்துத் தள்ளியும் பார்க்கிறார்கள். டைட்டானியம் ஒட்டிய எஃகுக்கான அமெரிக்கத் தர விதி, அந்த ஒட்டு குறைந்தது 138 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும் என்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் ஒட்டைப் பெயர்க்க ஏறத்தாழ 1400 கிலோ எடையின் விசை வேண்டும் என்று பொருள். நல்ல ஒட்டு இதைவிட வலிமையாகவே இருக்கும். ஆகவே, சகோதரி, சுவரின் ஒட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய அளவு குறைவு. இத்தகைய கலன்களில் கவனம் தேவைப்படுவது வேறோர் இடத்தில்: தகடுகளை வளைத்துக் கலனாகக் கட்டும்போது அவற்றின் ஓரங்கள் சேரும் மூட்டுகளில். அங்கே டைட்டானியத்தை எஃகோடு உருக்க முடியாதாகையால், எஃகைத் தனியே பற்றவைத்து, அதன் மேல் டைட்டானியப் பட்டையை மூடிப் பற்றவைக்கிறார்கள். அந்தப் பட்டையில் நுண்துளை விழுந்தால் அமிலம் பின்னால் கசிந்து எஃகை அரிக்கும். அதைக் கண்டுகொள்வதற்காகவே, எஃகுச் சுவரில் சிறு துளைகள் விட்டுக் கசிவைக் கண்காணிக்கிறார்கள். அந்தத் துளைகளை எவரும் அடைத்துவிடாமலும், கண்காணிப்பை ஒத்திப்போடாமலும் இருந்தால் போதும். மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெப்பத்துக்கும் இந்த ஒட்டுக்கும் உள்ள பகை கப்பல் தளங்களில் தெளிவாகத் தெரியும். அடிப்பகுதி எஃகாகவும் மேற்கட்டுமானம் எடை குறைந்த அலுமினியமாகவும் உள்ள கப்பல்களில், முன்பு இரண்டையும் திருகாணியாலும் ரிவிட்டாலும் இணைத்தார்கள். கடல்நீர் புகுந்த இடமெல்லாம் அலுமினியம் அரித்தது. இப்போது எஃகு, தூய அலுமினியம், கப்பல் அலுமினியக் கலவை என்று மூன்றடுக்காக வெடியில் ஒட்டிய பட்டைகளை இடையில் வைக்கிறார்கள். எஃகுப் பக்கம் எஃகோடும், அலுமினியப் பக்கம் அலுமினியத்தோடும் வெல்டிங் ஆகிவிடும். நடுவில் தூய அலுமினியம் எதற்கு? கப்பல் கலவையில் இருக்கும் மக்னீசியம் எஃகோடு நேரே ஒட்ட இணங்காது. இடையில் ஒரு சமரசக்காரர் தேவைப்படுகிறார்! ஆனால் வெல்டிங் செய்பவர் அந்த ஒட்டெல்லை சுமார் 300 பாகைக்கு மேல் சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடேறினால் அடங்கிக் கிடந்த வேதிவினை விழித்துக்கொண்டு, நொறுங்கும் படலம் வளரத் தொடங்கும்.

ஒட்டி முடிந்த அடுக்குத் தகட்டின் மேல் மீண்டும் ஓர் அதிர்ச்சி விழுந்தால்? இங்கே ஒரு விசித்திரம். அதிர்வலை ஓர் உலோகத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது, ஒவ்வோர் எல்லையிலும் ஒரு பகுதி திரும்பி விடுகிறது. அலைக்கு எஃகு தரும் தடை அலுமினியத்தைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு. எஃகிலிருந்து அலுமினியத்துக்குச் செல்லும் அழுத்த அலையில், வலுக்குறைந்த அலைகளுக்கான கணக்கின்படி, 54 விழுக்காட்டு அழுத்தமே அப்பால் செல்கிறது; 46 விழுக்காடு திரும்புகிறது. திரும்புவதும் அழுத்தமாகத் திரும்பாமல் இழுவிசையாகத் திரும்புகிறது. அடுக்குகள் பல இருந்தால், அலை உள்ளேயே திரும்பத் திரும்ப அலைந்து கூர்மை மழுங்குகிறது. தனித் தகட்டில், அலை பின்பக்கத்தை எட்டி இழுவிசையாகத் திரும்பி, அடிபடாத பின்புறத்திலிருந்தே ஒரு சில்லைப் பெயர்த்து எறியும். பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1914-இல் இதை ஆராய்ந்து விளக்கினார். அடுக்குத் தகட்டில் அந்த விசை எல்லைகளில் பங்கிடப்படுகிறது. ஒட்டு வலுவாயின் இது நன்மை. நொறுங்கும் படலம் இருந்தால், விரிசல் பிறப்பது அங்கேதான்.

நொறுங்கும் சேர்மத்தையே வேண்டுமென்று வைத்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் வெச்சியோ என்பவரும் குழுவினரும், டைட்டானியப் படலங்களுக்கிடையே கடினமான டைட்டானியம் அலுமினைடு படலங்களை அடுக்கி, எடை குறைந்த கவசத் தகடு செய்தார்கள். கடினப் படலம் விரிசல் விட்டாலும், அடுத்த டைட்டானியப் படலம் அதைத் தடுத்து நிறுத்தும். கடற்சிப்பியின் ஓட்டிலிருந்து பெற்ற யோசனை இது. கீழக்கரை, காயல்பட்டினத்துப் பெரியவர்கள் முத்துச் சிப்பியின் உட்புறம் மின்னுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த மினுமினுப்பும் மெல்லிய சுண்ணப் படலங்களின் அடுக்கே.

இன்னொரு சாரார், அடுக்குகளுக்கிடையிலான வேதிவினையை அடக்காமல் அவிழ்த்துவிட்டார்கள். நிக்கலும் அலுமினியமும் மாறி மாறி, ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் இலட்சத்தில் சில பங்கு தடிமனில், ஆயிரக்கணக்கில் அடுக்கிய மெல்லிய தாள் ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் திமோத்தி வெய்ஸ் முதலியோர் உருவாக்கினர். சிறு மின்கலத்தின் தீப்பொறி பட்டால் போதும். வினை நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் தாள் முழுதும் ஓடிவிடும். வாயு வெளிப்படுவதில்லை, வெப்பம் மட்டும், கிராமுக்கு ஏறத்தாழ 1.4 கிலோஜூல். டி.என்.டி. வெடிமருந்து தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு இது. இரண்டு பாகங்களின் இடையே இத்தாளை வைத்துப் பற்றவைத்தால், இருபுறமும் பூசிய பற்றாசு உருகி அவை ஒட்டிக்கொள்ளும். அருகில் இருக்கும் நுட்பமான மின்னணு உறுப்புகள் சூடேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதே அடுக்கைத் தீப்பொறியால் அன்றி அதிர்வலையால் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நரேஷ் தடானியும் அவர்தம் மாணவர்களும் ஆராய்ந்தனர். அலை அடுக்குகளுக்குக் குறுக்கே செல்கிறதா, அவற்றின் வழியே செல்கிறதா என்பதைப் பொறுத்து, உலோகம் நெளியும் விதமும் சூடேறும் இடமும் மாறுகின்றன. இடைவெளியற்ற திண்மையான அடுக்கை அழுத்தம் மட்டும் எளிதில் எரிய வைப்பதில்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று வழுக்கி, நெளிந்து, சுருண்டு கலக்க வேண்டும். வெடியில் ஒட்டிய தகட்டின் எல்லையில் கண்ட அதே சுழிகள் இங்கும் வேண்டும். அங்கே பொறியாளர் எதைக் குறைக்கப் பாடுபட்டாரோ, இங்கே அதுவே வினையைத் தொடங்கும் திரி.